பக்க விளைவு

மருந்து என்றதும் ‘பக்க விளைவு’ என்னும் தொடர் நம்மவர் நாவில் உடனே வந்து நிற்கிறது. பதுளை நகரத்து வைத்தியசாலையிலும் அதைக் கேட்கலாம். தோட்டத்து லயத்திலும் கேட்கலாம். ஒருமுறை மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், ‘படிக்காமையின் பக்க விளைவாகப் பரீட்சையில் தவறினேன்’ என்று எழுதியிருந்தான். தவறியது நேர் விளைவு, தம்பி, பக்க விளைவன்று என்று திருத்த வேண்டியதாயிற்று.

நேயர்களே, ஒன்றைக் கருதிச் செய்யும் செயலோடு, கருதாத மற்றொன்றும் கூடவே நிகழுமாயின் அதுவே பக்க விளைவு. தடிமனுக்குக் கொடுக்கப்படும் சில பழைய குளிசைகளை எடுத்துக்கொள்வோம். மூக்கொழுகல் குறைகிறது, தூக்கமும் வருகிறது. கொழுந்து பறிக்கச் செங்குத்தான மலையில் ஏறும் பெண்ணுக்கு அத்தூக்கம் ஆபத்தானது. ஆனால், அதே வகை மருந்துகளுள் சிலவற்றை, உறக்கம் வராதோர்க்கு உறக்கத்துக்கென்றே கொடுப்பதுமுண்டு. அங்கே தூக்கமே நேர் விளைவாகிவிடுகிறது. மருந்து மாறவில்லை, கொடுத்தவர் கருதியது மாறியது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளல் நலம். கருதாதது வேறு, எதிர்பாராதது வேறு. தூக்கம் வரும் என்று மருந்துப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அது எதிர்பார்த்ததே, ஆயினும் கருதியதன்று. பின்விளைவு என்பதோ காலத்தால் பின்னே வருவது, கருதியதாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றெனவே எழுதிவிடுவோர் பலர்.

மருந்தை விட்டு மண்ணுக்கு வருவோம். நமது ஊவாவிலே உமா ஓயாவின் நீரை, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தென்கிழக்கின் வறண்ட நிலங்களுக்குக் கொண்டு செல்லவும், அதனால் 120 மெகாவாட் மின்சாரம் பெறவும் திட்டமிட்டனர். 2014 டிசம்பரில், தோண்டப்பட்டுக்கொண்டிருந்த சுரங்கத்தினுள் நிலத்தடி நீர் பீறிட்டுப் பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்களில் வெடிப்புகள் கண்டன. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

கட்டியவர்கள் கருதியது மின்சாரமும் பாசனமும். ஆகவே கிணறு வற்றியதைப் பக்க விளைவு என்பதில் சொற்பிழை ஏதுமில்லை. ஆனால் ‘பக்கம்’ என்றதும், ஏதோ ஓரத்தில் நிகழ்ந்த சிறிய காரியம் என்ற எண்ணமும் கேட்பவர் மனத்தில் புகுந்துவிடுகிறது. சிறுமையோ பெருமையோ அச்சொல்லின் பொருளில் இல்லை. தண்ணீர் பவுசருக்காகக் குடத்துடன் வீதியோரம் காத்துநின்றோர்க்கு, அத்திட்டத்தால் வந்து சேர்ந்த முதல் விளைவு அதுதான்.