விலக்க வேண்டியது ஒன்று, விடக்கூடாதவை பல

1990 இல் தீவகத்தை விட்டு வெளியேறி, இன்னமும் உறவினரின் காணியிலேயே குடியிருக்கும் குடும்பம் அது. ஒரு ஞாயிறு மாலை ஒடியற் கூழ் காய்ச்சினார்கள். நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்ட கூழ். எட்டு வயதுப் பேரன் இரண்டாவது பிளாவைக் குடிக்கும்போது, "வாய் கடிக்குது அம்மம்மா" என்றான். சில நிமிடங்களில் உதடும் கண்மடலும் வீங்கின. உடலெங்கும் தடிப்பு. சத்தி எடுத்தான், மூச்சு இழுத்தது. அயலவரின் ஆட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். தொடையில் ஊசி போட்டார்கள். பிள்ளை தப்பினான்.

இறாலும் நண்டும் இனி வேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். ஆனால் பயந்துபோன அம்மம்மா, எம் மூத்தோர் 'கிரந்தி' என்று சொல்லும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மீன் இல்லை, முட்டை இல்லை, கத்தரிக்காய் இல்லை, தக்காளி இல்லை. மூன்று மாதத்தில் பிள்ளை மெலிந்து போனான். ஒவ்வாமையிலிருந்து காப்பாற்றிய பிள்ளையைப் போசாக்கின்மையிடம் ஒப்படைத்துவிட்டோம். இது பல வீடுகளில் நடப்பது. ஆகவேதான் இக்கட்டுரை.

ஒவ்வாமை என்றால் என்ன?

நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கு எமது உடலில் ஒரு காவல் உண்டு. சிலருடைய உடலில் இக்காவல், தீங்கற்ற உணவுப் புரதம் ஒன்றைப் பகைவன் என்று பிழையாக எண்ணித் தாக்குகிறது. அப்போது வெளிப்படும் ஹிஸ்டமின் முதலிய பொருட்களே தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. "இவ்வளவு காலமும் சாப்பிட்டவன்தானே" என்பது சாட்சியாகாது. பல வருடம் சாப்பிட்ட உணவும் ஒருநாள் ஒவ்வாமற் போகலாம்.

இறால், நண்டு, சிங்க இறால் மூன்றிலும் ஒரே வகைப் புரதம் உண்டு. கணவாயிலும் அதை ஒத்தது இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஆனால் மீனில் ஒவ்வாமை தரும் புரதம் வேறு. ஆகவே இறால் ஒவ்வாத பலர் மீனைச் சாப்பிட முடியும். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

எல்லாத் தடிப்பும் ஒவ்வாமை அல்ல

சூரை, சூடை போன்ற மீன்களை ஐஸ் இன்றி வெயிலில் வைத்தால், பற்றீரியாக்கள் அந்த மீனிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், கடிக்கும், தலை இடிக்கும். ஒரே சட்டியில் சாப்பிட்ட பலருக்கு ஒன்றாக வந்தால், பிழை மீனில் இருக்கலாம். ஒருவருக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும் வந்தால், ஒவ்வாமை என்று சந்தேகிக்க வேண்டும்.

நிவாரணக் கோதுமை மா

முகாம்களில் மாதக்கணக்கில் கோதுமை மாவில் வாழ்ந்தவர்கள், மாதான் வயிற்றைக் கெடுத்ததோ என்று கேட்பதுண்டு. ஒல்லாந்தர் என்றால் எமக்குக் கோட்டைகள்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்டில் 1944-45 குளிர்காலத்தில் யுத்தத்தால் கடும் பஞ்சம் ஏற்பட்டது. பாண் இல்லாத அந்த நாட்களில், நெடுநாள் வயிற்றோட்டத்தால் மெலிந்திருந்த சில பிள்ளைகள் தேறியதையும், பாண் திரும்பியதும் மீண்டும் நோயுற்றதையும் விலெம் டிக்கே என்ற சிறுவர் வைத்தியர் அவதானித்தார். கோதுமையே காரணம் என்ற தமது ஆய்வை 1950 இல் வெளியிட்டார். அந்த நோயின் பெயர் சீலியாக். இறால் ஒவ்வாமை போல அது நிமிடங்களில் வருவதில்லை; மெல்ல மெல்லக் குடலைக் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமற் போகலாம். நோய் உறுதியானால் அஞ்ச வேண்டியதில்லை. அரிசி, குரக்கன், ஒடியல் மா எதிலும் அந்தக் கோதுமைப் புரதம் இல்லை. கலப்படமில்லாமல் தனியாக இடித்து அரித்துக்கொண்டால் போதும்.

சமையலறையில் செய்ய வேண்டியவை

1. பிள்ளை என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வைத்தியருக்கு அதுவே பெரிய உதவி.

2. நிச்சயமான ஒன்றை மட்டும் முற்றாக விலக்குங்கள். பரீட்சித்துப் பார்ப்பதற்காக வீட்டில் சிறிது கொடுக்காதீர்கள்.

3. கூழில் இருந்து நண்டை அள்ளி எறிந்தால் போதாது. புரதம் கூழில் இறங்கிவிட்டது. பிள்ளைக்கு வேறு பானை, வேறு அகப்பை. ஒடியல் மா, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, ஒத்துக்கொண்டால் மீன் இவை போட்டாலே நல்ல கூழ். முழு வீட்டுக்கும் அப்படியே காய்ச்சினால் பிள்ளை தனித்துப் போகமாட்டான்.

4. இறால் வடை பொரித்த எண்ணெயில் பொரித்த உழுந்து வடையும் ஆகாது. கருவாட்டு இறால் போட்ட சம்பலையும் கவனியுங்கள்.

5. விலக்கியதற்கு ஈடு கொடுங்கள். மீன், முட்டை, பருப்பு, பயறு, கீரை என்பவற்றில் ஒவ்வாதது தவிர மற்றவை தட்டில் இருக்க வேண்டும். நிறையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து வேளையில்

மூச்சு இழுப்பு, குரல் அடைப்பு, நாக்கு வீக்கம், மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம். உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. பிரிற்றன் குளிசை கடியைக் குறைக்கும், மூச்சடைப்பை நிறுத்தாது. நோயாளியை நடக்க விடாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து இருக்க விடுங்கள். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆகவே தீவில் இருப்போர் முதலில் அங்குள்ள வைத்தியசாலைக்கே ஓடுங்கள். குணமான பின்பும் சில மணி நேரம் அங்கேயே இருங்கள். இரண்டாம் முறையும் வரலாம்.

கேட்பது நன்றிகேடல்ல

இடம்பெயர்ந்தவருக்கு மற்றவர் கையால்தான் பலநாட் சோறு. உறவினர் வீடு, பொதுச் சமையல், கோவில் அன்னதானம், திருவிழாப் பந்தி. "இதில் இறால் போட்டதோ?" என்று கேட்க வாய் வராது. போட்டதைச் சாப்பிடாமல் குறை பிடிக்கிறார்கள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். பாடசாலை ஆசிரியருக்கும், அயலவருக்கும், அகப்பை பிடிப்பவருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளைக்கும் தானே கேட்கப் பழக்குங்கள்.

பரிமாறுகிறவர்களுக்கும் ஒரு சொல்: அப்படி ஒருவர் கேட்டால் முகம் சுளிக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். கொடுத்த சோற்றைவிட அந்த உண்மையான பதில் சிலவேளை பெரிய உதவி.

அந்தப் பேரன் இப்போது மீனும் முட்டையும் சாப்பிடுகிறான், நிறை கூடியிருக்கிறது. ஞாயிறு மாலைகளில் அந்த வீட்டில் இன்னமும் கூழ் காய்ச்சுகிறார்கள். நண்டு மட்டும் இல்லை.