மூச்சு வாங்கும் வரை ஒரு சோதனை

திருவேற்காடு தேவி கருமாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வந்தவர், ஒரு கட்டத்தில் ஆட்டோவில் போகத் தொடங்குகிறார். பின்னர் போவதையே நிறுத்திவிடுகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதால் கீழ்த்தளத்திலேயே படுக்கை அமைகிறது. “நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நான் எடுத்துத் தருகிறேன்” என்று மனைவியோ மகளோ அன்போடு தடுக்கின்றனர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பலரின் வீட்டில் நடப்பது இதுதான். காசநோய் குணமான பின்னும் நுரையீரலில் தழும்பு தங்கியவர்களின் வீட்டிலும் நடக்கிறது. இத்தகையவரிடம் “இனி முடியாது என்னும் வரை சைக்கிள் மிதிக்க வேண்டும்” என்று மருத்துவர் சொன்னால், குடும்பத்தினர் திடுக்கிடுவது இயல்பே.

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையே போதாதா என்று பலரும் கேட்பதுண்டு. அச்சோதனை, உட்கார்ந்திருக்கும் நுரையீரலை அளக்கிறது. அதில் ஒரே அளவு பெற்ற இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய்ப் பை சுமந்து வருவார். மற்றவர் குளியலறை வரை போவதற்கே திணறுவார். இந்த வேறுபாடு உடலுக்கு வேலை கொடுத்தால்தான் வெளிப்படும்.

இதய நுரையீரல் உடற்பயிற்சிச் சோதனையில் நோயாளி நிலையான சைக்கிளில் அமர்கிறார். முகத்தில் மாஸ்க், மார்பில் ஈ.சி.ஜி. ஒயர்கள், விரலில் ஆக்சிஜன் அளவி. முதல் சில நிமிடங்கள் சுமையின்றி மிதிக்கலாம். பிறகு நிமிடத்திற்கு 5 அல்லது 10 வாட் வீதம் சுமை கூடும். பெரும்பாலும் 8 முதல் 12 நிமிடங்களுக்குள் உச்ச நிலை வந்துவிடும். உள்ளே சென்ற ஆக்சிஜனும் வெளிவந்த கரியமில வாயுவும் மூச்சுக்கு மூச்சு அளக்கப்படுகின்றன. நோயாளி தம் மூச்சிரைப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறார். எந்த நொடியிலும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லலாம்.

மூச்சு வாங்குவதற்குக் காரணம் நுரையீரலா, இதயமா, கால்களா என்பதே இங்குத் தேடப்படும் விடை. அடைப்பு நோயில், வேகமாக மூச்சு விடும்போது உள்ளே போன காற்று முழுவதும் வெளிவருவதற்குள் அடுத்த மூச்சு தொடங்கிவிடுகிறது. மிச்சக் காற்று தேங்கத் தேங்க மார்பு பலூன்போல் உப்பி, புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. நுரையீரல்தான் தடை என்றால், இதயத்தில் இன்னும் தெம்பு இருக்கும்போதே மூச்சின் கையிருப்பு தீர்ந்துவிடும். சிலருக்கோ மூச்சில் கையிருப்பு இருக்கிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்ததால் தொடைத்தசை மெலிந்து முதலில் கைவிடுகிறது. இவர்களுக்கு இன்ஹேலரை மட்டும் கூட்டிப் பயனில்லை. அன்பினால் கொடுத்த ஓய்வே நோயின் ஒரு பகுதியாகிவிட்ட நிலை இது.

ஓய்வைப் பற்றிய இக்கேள்விக்குச் சென்னையில் ஒரு வரலாறு உண்டு. சானடோரியத்தில் படுக்கை ஓய்வு இன்றிக் காசநோய் ஆறாது என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், 1956-இல் இந்நகரில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. வீட்டிலேயே மருந்து உட்கொண்ட ஏழை நோயாளிகள் நல்ல உணவும் போதிய ஓய்வும் இல்லாதபோதும், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தனர் என்று 1959-இல் அம்மையத்தின் ஆய்வு காட்டியது. அது மருந்தைப் பற்றிய ஆய்வு, உடற்பயிற்சியைப் பற்றியதன்று. எனினும், நுரையீரல் நோய் என்றாலே படுக்கைதான் என்ற எண்ணம் அதன்பின் உலகெங்கும் தளர்ந்தது.

ஆபத்தே இல்லையா? உண்டு, மிகக் குறைவு. இத்தகைய சோதனைகளில் உயிரிழப்பு ஒரு லட்சத்திற்கு 2 முதல் 5 வரை என 2003-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் அறிக்கை கணித்தது. அண்மையில் மாரடைப்பு, ஓய்விலும் நெஞ்சுவலி, மயக்கம், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை இருந்தால் சோதனை தள்ளிவைக்கப்படும். சளியில் இரத்தம் வந்திருந்தாலும் காய்ச்சல் இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆக்சிஜன் அளவு வெகுவாக இறங்கினால் நாங்களே நிறுத்திவிடுவோம். அந்த இறக்கமும் பயனுள்ள செய்திதான்: உட்கார்ந்திருக்கையில் 95 காட்டும் கருவி, நடக்கையில் 82 காட்டலாம்.

முடிவு வந்தபின் பயிற்சியின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. எட்டிய உச்சத்தில் 60 முதல் 80 விழுக்காடு வரையிலான சுமையில் தொடர்ந்து மிதிப்பது ஒரு வழி. அதைத் தாங்காதவர் 30 விநாடி கடுமையாக மிதித்து, 30 விநாடி ஓய்ந்து, மீண்டும் மிதிக்கலாம். இடைவேளை இருப்பதால் காற்று தேங்குவது குறைகிறது. கால்களுக்கோ முழு வேலை கிடைக்கிறது. வீட்டில் தாமாக இந்த அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டாம்.

சைக்கிள் சோதனை எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. 30 மீட்டர் நீள நடைக்கூடம் இருந்தால் ஆறு நிமிட நடைச் சோதனை செய்யலாம். பயிற்சிக்குப் பின் தூரம் ஏறத்தாழ 30 மீட்டர் கூடினால் அது மெய்யான முன்னேற்றம்.

சோதனை நாளில் இரண்டு மணி நேரத்திற்கு முன்பே இட்லி போன்ற எளிய உணவை முடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிடில் இன்ஹேலரை வழக்கம்போல் எடுத்துக்கொள்ளலாம். பெண்கள் புடவையைத் தவிர்த்துச் சுடிதார் அணிந்து வருவது நல்லது. பெடலில் முந்தானை சிக்குவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

உடன் வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடைச் சோதனையின்போது வெளியே அமர்ந்திருங்கள். “போதும், உட்காருங்கள்” என்றாலும் “இன்னும் கொஞ்சம்” என்றாலும் நடக்கும் தூரம் மாறிவிடும். எங்கள் பணியாளர்கூட நிமிடத்திற்கு ஒருமுறை, வரையறுத்த சொற்களை மட்டுமே சொல்வார். சோதனை முடிந்து அவர் நாற்காலியில் அமர்ந்ததும் உள்ளே வரலாம்; மூச்சிரைப்பு தணியச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை தண்ணீர் கொடுக்க அவசரப்படாதீர்கள்.