புளியங்கொட்டையில் உள்ள பசை

புளியை உடைத்துக் கொட்டையை நீக்கியதும், கொட்டையைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டுவிடுவது பலரது வழக்கம். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த பின் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். புளியம்பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொட்டைதான். அதன் பருப்பில் பாதிக்கு மேல் உள்ள பசைப்பொருள் நெசவாலைக்கும் மருந்துத் தொழிலுக்கும் பயன்படுகிறது.

இப்பசைக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் பாலிசாக்கரைடு. பல சர்க்கரைக் கூறுகள் சங்கிலிபோல் கோத்து நிற்பதே இது. அரிசி மாவிலுள்ள ஸ்டார்ச்சும் இந்த இனமே. புளியங்கொட்டைப் பசையில் குளுகோஸ், சைலோஸ், காலக்டோஸ் என்ற மூன்று சர்க்கரைகள் உள்ளன.

பிரித்தெடுக்கும் முறை

கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, பருப்பை மாவாக்க வேண்டும். அதிகம் கருக வறுத்தால் பசையின் வலு குறையும். ஆய்வுக்கூடத்தில் 20 கிராம் மாவை 200 மி.லி. குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் 800 மி.லி. நீரில் ஊற்றி 20 நிமிடம் காய்ச்சுவார்கள். இரவு முழுவதும் வைத்தால் புரதமும் நாரும் அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை இரு மடங்கு ஆல்கஹாலில் ஊற்றினால் பசை வெண்மையாகத் திரளும். அதை வடித்து, மிதமான சூட்டில் உலர்த்திப் பொடியாக்குவார்கள். ஆல்கஹாலுக்கு அரசு உரிமம் தேவை. எனவே இது வீட்டில் செய்யும் வேலையன்று.

பயன் உண்டா என்று சோதிப்பது எப்படி?

முதலில் பசையின் கெட்டித்தன்மையையும் தூய்மையையும் அளப்பார்கள். அடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுக்களில் சோதிப்பார்கள். பிறகு எலி போன்ற பிராணிகளிலும், கடைசியாக மனிதரிலும் சோதனை நடக்கும். கண்ணீரைப்போல் கண்ணின் மேல் படிந்து ஈரத்தைக் காக்கும் தன்மை இப்பசைக்கு இருப்பதால், கண் உலர்வுக்கான சொட்டு மருந்துகளில் இது சேர்க்கப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாவில் பாக்டீரியாக்களின் கழிவு கலந்திருந்தால், அக்கழிவே உயிரணுக்களைத் தூண்டிவிடும். பசைக்கு இல்லாத குணத்தை இருப்பதாகக் காட்டும். ஆகவே ஆய்வாளர்களுக்கும் மருந்துத் தொழிலுக்கும் சுத்தமான கொட்டையே தேவை.

புளியங்கொட்டைச் சாறு கொடுத்த எலிகளில் இரத்தச் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகள் உள்ளன. அதைக் கொண்டு, "கொட்டை மாவு சர்க்கரை நோயைத் தீர்க்கும்" என்று விற்பவர்களை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. எலியில் கண்டது மனிதருக்கும் பொருந்தும் என்பது தனியே நிரூபிக்கப்பட வேண்டியது.

விவசாயி செய்ய வேண்டியவை

* கொட்டையில் ஒட்டிய புளியைக் கழுவி, அன்றே வெயிலில் பரப்ப வேண்டும்.
* மண்ணில் காயவைக்காமல் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ நன்கு உலர்த்த வேண்டும்.
* வண்டு துளைத்ததையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி நீக்க வேண்டும்.
* சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.

தனியொருவரின் இரண்டு மூட்டைக்காக ஆலைக்காரர் ஊருக்கு வரமாட்டார். பத்துப் பேர் சேர்ந்து ஒரே தரமாகச் சேர்த்து வைத்தால் விலை பேச வலு பிறக்கும். வரும் புளி உடைப்பிலேயே இதைத் தொடங்கலாம்.