கண்டால் தொடாதே: வாய்ப்பாடம் போதுமா?

மாரி மழை மணலை அரித்துக்கொண்டு போன பிறகு, வடமராட்சி கிழக்கிலும் பச்சிலைப்பள்ளிப் பக்கமும் தரையில் புதுச் சாமான்கள் தலைகாட்டும். துருப்பிடித்த குழாய்த்துண்டு போல ஒன்று, மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பா போல இன்னொன்று. மாடு சாய்த்துக்கொண்டு போகும் சிறுவனும், நாயோடு முயலுக்குப் பற்றைக்குள் இறங்கும் இளைஞனும் அதைக் குனிந்து எடுக்கத்தான் பார்ப்பார்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அதன்பின் பிறந்த பிள்ளை ஷெல்லை எங்கே கண்டது?

பலகை இல்லாத இடங்கள்

2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த பிறகு நாகர்கோவில், முகமாலை, கிளாலி என்று யாழ் குடாநாட்டின் கழுத்தைக் குறுக்கறுத்துப் போர்முனை கிடந்தது. இரு தரப்பும் அங்கே மிதிவெடி புதைத்தன. இராணுவத்தின் பி-4, டைப் 72 வகைகள் பிளாஸ்டிக். புலிகளின் 'ஜொனி' மரப்பெட்டியில் வந்தது. இவற்றில் உலோகம் சொற்பம் என்பதால் தேடிப் பிடிப்பது மெதுவான வேலை. மிதிவெடி அகற்றும் நிறுவனமான ஹலோ டிரஸ்ட் 2002 முதல் இலங்கையில் அவற்றை அகற்றி வருகிறது. மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் நாடு சேர்ந்தது 2017 டிசம்பரில்.

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் பிள்ளைகளும் ஒதுங்கிப் போவார்கள். பலகை இல்லாத வளவில்தான் கவனம் தப்புகிறது. நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த காணியைத் துப்புரவாக்கிக் குப்பைக்கு நெருப்பு வைக்கும்போது, கிணறு இறைக்கும்போது, அத்திவாரம் வெட்டும்போது, பழைய இரும்புக்குப் போட எதையாவது தட்டிக் கழற்றும்போது. கடைசி வேலை பெரியவர்களுடையது. பிள்ளை அதைப் பார்த்துத்தான் பழகுகிறது.

லாச்சிக்குள் ஒரு துவக்கு

தொடாதே என்று வாயால் சொன்னால் போதுமா என்பதற்கு வேறு நாட்டிலிருந்து ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் வேட்டைக்குப் போகும் குடும்பங்கள் துவக்குப் பாதுகாப்பைச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுப்பதுண்டு. அந்தப் படிப்பு எவ்வளவு தூரம் நிற்கிறது? அட்லாண்டா மருத்துவர்கள் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். 8 முதல் 12 வயதுச் சிறுவர்களை 29 குழுக்களாகப் பிரித்து ஓர் அறையில் விட்டார்கள். அங்கே லாச்சி ஒன்றுக்குள் சுட முடியாதபடி செய்த நிஜக் கைத்துப்பாக்கி ஒன்று. 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன, 16 குழுக்கள் கையில் எடுத்தன, 10 குழுக்களில் விசையே அழுத்தப்பட்டது. எடுத்தவர்களிலும் அழுத்தியவர்களிலும் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் துவக்குப் பாதுகாப்புப் பற்றி ஏற்கெனவே கேட்டறிந்தவர்கள்!

நம் பள்ளிகளிலும் யுனிசெப் உதவியோடு மிதிவெடி அபாயக் கல்வி நடந்தது; தெருநாடகமும் போட்டார்கள். நாடகம் போட்டது சரியான வழி என்றே சொல்ல வேண்டும். பாடமாக்கிய வசனம் ஆவலுக்கு முன்னால் நிற்காது, செய்து பழகியது நிற்கும். வீட்டிலும் செய்யலாம்: முற்றத்தில் ஒரு பழைய தகரத்தை வைத்து, பிள்ளை நின்று, தொடாமல், வந்த வழியே திரும்பி, பெரியவரிடம் சொல்லும் வரை நாலைந்து தடவை நடத்திப் பாருங்கள். முதல் தடவை பெரும்பாலும் தொட்டுவிடும். ஏச வேண்டாம், திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு கால் போனால்

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. வளர்ந்தவருக்குப் பொருத்தும் செயற்கைக் கால் சில ஆண்டுகள் தாங்கும். பிள்ளைக்கு அப்படியில்லை. உடல் வளர வளர, ஆறு மாதம் ஒரு வருடத்தில் புதுக் கால் வேண்டும். வெட்டிய இடத்து எலும்பு தோலை முந்தி வளர்வதால் சிலருக்கு மறுபடி மறுபடி அறுவைச் சிகிச்சையும் வேண்டிவரும்.

வெடித்து ஒருவர் விழுந்தால் பதறி ஓடிப் போகக் கூடாது. பக்கத்தில் இன்னொன்று இருக்கக்கூடும். அசையாமல் கிடக்கும்படி குரல் கொடுத்து, உதவியை அழைப்பதே முதல் வேலை. காயப்பட்டவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவந்தபின் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரத்தம் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, வைத்தியசாலை வரை அவிழ்க்காமல் விடுங்கள்.

சந்தேகப் பொருளைக் கண்டால் பொலிஸுக்கு 119, காயம் என்றால் சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990. அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.