எறியும் சோறும் எரியும் சுடரும்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே ஒரு காலத்தில் கழிவு என்று சொல்லத்தக்க பொருள் மிகச் சிறிதே இருந்தது. அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் கழுநீராகிப் பசுவுக்குச் சென்றன. மரக்கறித் தோலையும் வாழைப்பழத் தோலையும் பலாப்பழத்தின் கழிவையும் ஆடும் மாடும் தின்றன. அவை தின்றது போக எஞ்சியது எருக்கிடங்கிலே மக்கித் தோட்டத்துக்குப் போயிற்று. வீட்டுக் கோடியிலே நின்ற பசு, வேண்டாத பொருளை வாங்கிக்கொண்டு பாலையும் பசளையும் திருப்பித் தந்தது.

இன்று பட்டினத்து வளவுகள் சுருங்கிவிட்டன. பசுவைக் கட்ட இடமும் இல்லை. பார்க்க ஆளும் இல்லை. பசு போய்விட்டது, ஆனால், பசு தின்ற பொருள் போய்விடவில்லை. அது பொலித்தீன் பையிலே கட்டுண்டு, வாயிலில் காத்திருந்து, வண்டியேறிக் குப்பைமேட்டுக்குச் செல்கின்றது. யாழ்ப்பாண நகரத்தின் குப்பை நெடுங்காலமாகக் கல்லுண்டாய் வெளியிலே கொட்டப்பட்டு வந்ததை அவ்வழியே மானிப்பாய்க்கும் அராலிக்கும் செல்வோர் யாவரும் அறிவர்.

பசு இல்லாத வீட்டுக்குப் பசுவின் வயிறு ஒன்றையாவது அமைத்துக் கொடுக்க முடியுமா? முடியும் என்கின்றது விஞ்ஞானம். அந்த வயிற்றைப் பற்றியே இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

மேட்டிலே நிகழ்வது யாது?

குவித்து வைத்த உணவுக் கழிவின் உட்புறத்தே காற்றுப் புகுவதில்லை. காற்றில்லாத இடத்திலே வாழும் நுண்ணுயிர்கள் அங்கே பெருகி, உணவைச் சிதைத்து, மெதேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. எரியும் இயல்புடைய இவ்வாயு அடுப்புக்கு வராமல் வானத்துக்குப் போகின்றது. அங்கேயும் அது சும்மா இருப்பதில்லை. நூறு ஆண்டுக் கணக்கிலே பார்த்தால், பூமியை வெப்பமூட்டும் ஆற்றலில் ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 28 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகும்.

மேட்டிலிருந்து வடியும் கரிய நீரோ கீழே செல்கின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத நம் குடாநாட்டுக்குச் சுண்ணக்கற் பாறையினுள்ளே தேங்கும் மழைநீரே உயிர்நாடி. அப்பாறை வெடிப்பும் துளையும் மலிந்தது. மேலே விட்டது எதுவாயினும் விரைவிலே கீழே சென்றுவிடும். சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் கலந்த கதையை நாம் மறந்துவிடவில்லை. மின்சாரம் ஆக்கிய நிலையத்தின் கழிவெண்ணெய் தொடர்பான அவ்வழக்கிலே, பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சக்தியை எவ்வாறு பெறுகின்றோம் என்பதும் கழிவை எங்கே விடுகின்றோம் என்பதும் நம் நாட்டிலே கடைசியில் கிணற்றடியிலே வந்து நிற்கும் கேள்விகளாகும்.

குப்பைமேடு வேறு வகையாலும் பழிவாங்கும். 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளன்று கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

சேற்றிலே கண்ட வாயு

சதுப்பு நிலத்துச் சேற்றைக் கிளறினால் குமிழி எழுவதைப் பலரும் கண்டிருப்பர். இத்தாலிய அறிஞர் வோல்ற்றா 1776ஆம் ஆண்டில் மஜ்ஜோரே ஏரியின் கரையிலே அக்குமிழிகளைப் பிடித்து, அவை எரியும் எனக் கண்டார். மின்கலத்தை அமைத்து உலகுக்கு அளித்த அதே வோல்ற்றா இவர். 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்ஸிற்றர் நகரிலே மலக்கழிவுத் தொட்டியின் வாயுவைக்கொண்டு தெருவிளக்கு ஏற்றினர். அடுத்த இரண்டு ஆண்டுகளிலே, அஃதாவது 1897இல், பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்திலும் இத்தகைய தொட்டி ஒன்று அமைந்தது. பின்னர் 1950களிலே ஜஷ்பாய் பட்டேல் என்பார் அமைத்த மிதக்கும் மூடியுடைய சாணவாயுக் கலம் இந்தியக் கிராமங்களிலே பரவலாயிற்று.

இவையெல்லாம் சாணத்தையும் மலத்தையும் நம்பியவை. ஒரு குடும்பத்தின் அடுப்பெரியச் சில மாடுகளேனும் வேண்டும். மாடு இல்லாதவனுக்கு அதனால் பயன் இல்லை. இந்நிலையை மாற்றியவர் இந்தியாவின் பூனா நகரத்து அறிஞர் ஆனந்த் கார்வே. மாட்டின் வயிற்றில் வாழ்ந்து மெதேனை ஆக்கும் நுண்ணுயிர்களுக்கு, மாடு தின்று சத்தையெல்லாம் எடுத்தபின் கழித்த சாணத்தை ஏன் உணவாகக் கொடுக்கவேண்டும்? நல்ல உணவையே கொடுத்தால் என்ன? எளிய கேள்விதான். ஆனால், அதன் பயனாக 2003ஆம் ஆண்டளவில் எஞ்சிய சோற்றிலும் மாவிலும் இயங்கும் சிறு கலம் ஒன்றை அவரது நிறுவனம் உருவாக்கியது. ஒரு நீர்த்தாங்கியினுள்ளே சற்றுச் சிறிய இன்னொரு தாங்கியைக் கவிழ்த்து வைப்பதே அதன் அமைப்பு. வாயு சேரச் சேர மேற்றாங்கி உயரும்; செலவாகச் செலவாகத் தாழும். 2006ஆம் ஆண்டில் அஷ்டன் விருது இம்முயற்சிக்குக் கிடைத்தது.

மாணவர்க்கு ஒரு கணக்கு

இரசாயனம் பயிலும் மாணவர் தாமே இதைச் சரிபார்க்கலாம். 180 கிராம் குளுக்கோசு, காற்றின்றிச் சிதையும்போது, மூன்று மூல் மெதேனையும் மூன்று மூல் காபனீரொட்சைட்டையும் தரும். நியம வெப்ப அமுக்கத்தில் ஒரு மூல் வாயு 22.4 லீற்றர். ஆகவே, ஒரு கிலோ குளுக்கோசு தரக்கூடிய மெதேன் ஏறத்தாழ 373 லீற்றர் ஆகும். சோற்றின் மாப்பொருளும் குளுக்கோசுச் சங்கிலியே அன்றோ!

நடைமுறையிலே சோற்றிலும் கறியிலும் பெரும்பகுதி நீராகையால் இவ்வளவு கிடையாது. ஈரமான உணவுக் கழிவு ஒரு கிலோவிலிருந்து ஏறத்தாழ 100 லீற்றர் உயிர்வாயு எதிர்பார்க்கலாம். ஒரு கிலோ பச்சைச் சாணம் தருவது ஏறத்தாழ 40 லீற்றரே. நாளொன்றுக்கு இரண்டு கிலோ கழிவு சேரும் வீட்டிலே கிடைக்கும் 200 லீற்றர் வாயு சிறிய அடுப்பு ஒன்றை முக்கால் மணி நேரமளவில் எரிக்கும். காலைத் தேநீருக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் இது போதும். கடையிலே வாங்கும் எரிவாயுச் சிலிண்டரை முற்றாக ஒழித்துவிடலாம் என்று ஆசை காட்டுவோர் சொல்லை நம்பவேண்டாம். அதன் ஆயுளை நீட்டலாம் என்பதே உண்மை.

வயிற்றைக் காக்கும் முறை

கலத்தைத் தொடங்கும்போது சாணத்தை நீரிற் கரைத்து நிரப்பிச் சில வாரம் விடவேண்டும். சாணத்திலுள்ள நுண்ணுயிர்களே அதன் குடிமக்கள். பின்னர்க் கழிவை நன்றாக மசித்து, சம அளவு நீர் சேர்த்து, சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். ஒருவகை நுண்ணுயிர்கள் உணவை அமிலமாக்கும். இன்னொருவகை அவ்வமிலத்தை மெதேனாக்கும். முன்னவை விரைந்து உழைப்பவை. பின்னவை மெல்ல உழைப்பவை. விருந்து நடந்த வீட்டிலே எஞ்சிய சோற்றையெல்லாம் ஒரே நாளிற் கொட்டினால் அமிலம் பெருகிக் கலம் புளித்துவிடும், வாயு நின்றுவிடும். அளவறிந்து உண்ணாத மனிதனுக்கு நேர்வதே கலத்துக்கும் நேரும்.

எலும்பு, சிரட்டை, தும்பு, தேசிக்காய்த் தோல், மிகுந்த எண்ணெய், மிகுந்த உப்பு ஆகியவற்றைத் தவிர்த்தல் நன்று. பொலித்தீன் ஒரு துண்டும் ஆகாது. வாயுவிலே பாதிக்கு மேல் மெதேன். மற்றையது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. அழுகிய முட்டை மணமுடைய ஐதரசன் சல்பைட்டும் சிறிது உண்டு. மணம் மிகுந்தால் குழாயில் ஒழுக்கு உண்டோ எனப் பார்க்கவேண்டும். கலத்தைத் திறந்த வெளியிலே வைத்து, அருகே நெருப்பை அணுகவிடாதிருத்தல் கட்டாயம்.

குளிர்நாட்டார் இக்கலங்களைச் சூடேற்றிக் காக்கின்றனர். 30 பாகை செல்சியசையும் அதன் அயலையும் விரும்பும் இந்நுண்ணுயிர்களுக்கு யாழ்ப்பாணத்து வெயில் இலவசமாகவே அச்சூட்டைத் தருகின்றது.

மடமும் சந்தையும்

ஒரு வீட்டைவிட ஊர்ப் பொதுவிடங்களிலேதான் இதன் பயன் பெரிது. கோயில் மடங்களிலே அன்னதானம் முடிந்தபின் இலையிலே எஞ்சுவதையும், திருமண மண்டபங்களிலே பாத்திரத்தோடு மிஞ்சுவதையும், திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் ஆகிய சந்தைகளிலே விலைபோகாது வாடும் மரக்கறியையும் எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு 50 கிலோ சேரும் மடமொன்றுக்கு ஏறத்தாழ 5 கன மீற்றர் வாயு கிடைக்கும். இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சமையல் எரிவாயுவுக்கு இஃது ஈடு. 12.5 கிலோச் சிலிண்டர் ஒன்றின் வேலையை ஐந்தாறு நாளிலே இது செய்துவிடும். அன்னத்தை வீணாக்குவது பாவம் என்று கற்ற நாம், வீணானதை மீண்டும் அன்னம் சமைக்கும் நெருப்பாக்குவதிலும் புண்ணியம் உண்டு என்று கொள்ளலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சென்னையிலே கோயம்பேட்டுச் சந்தைக்கென 2005ஆம் ஆண்டில் நாளுக்கு 30 தொன் கழிவை ஏற்கும் பெரிய ஆலை அமைத்தனர். அதுவும் இடையிலே நெடுநாள் இயங்காது கிடந்தது. யந்திரத்தை நிறுவுவது ஒருநாள் விழா. அதைப் பேணுவதும் கழிவைப் பிறந்த இடத்திலேயே பிரித்து வைப்பதும் நாள்தோறும் செய்யும் கடமை. திறப்புவிழாப் பெயர்ப்பலகை எந்த அடுப்பையும் எரிக்காது.

நீருக்குச் செய்யும் கடன்

வாயு போனபின் கலத்திலிருந்து வழியும் கரைசலே, நம் மண்ணுக்கு வாயுவினும் மேலான பொருள். மெதேனாகிப் போவது காபனும் ஐதரசனுமே. நைதரசனும் பொசுபரசும் பொற்றாசியமும் கரைசலிலே தங்கிவிடுகின்றன. முன்னாளிலே பூவரசங் குழை தாழ்த்தும் பட்டியடைத்தும் உரமேற்றிய தோட்டங்கள் பின்னர் யூரியாவுக்குப் பழகின. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைப்பட்டபோது கமக்காரர் கைபிசைந்து நின்றனர். சேதனப் பசளையை ஆணையிட்டு ஒரே நாளிலே வரவழைக்க முடியாது. முன்கூட்டியே ஆக்கி வைத்தல் வேண்டும் என்பதே அவ்வாண்டு நமக்குக் கற்பித்த பாடம்.

ஆனால், இங்கேயும் அளவு வேண்டும். குடிநீரிலே லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்தவை என ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரைக் கலந்து பாலூட்டப்படும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கலாம். ஆகவே, கரைசலைக் கிணற்றடிக் குழியிலே ஊற்றுபவர் குப்பைமேட்டையே தம் வளவுக்குள் கொண்டுவந்தவர் ஆவார். அதை நீர்விட்டு ஐதாக்கி, வாழைக்கும் தென்னைக்கும் முருங்கைக்கும், பயிர் உண்ணும் அளவே இடவேண்டும். விட்ட அளவுக்கு யூரியாவைக் குறைக்கவும் வேண்டும். அப்பொழுதுதான் கிணற்றுக்கு நன்மை.

நெருப்பின் அருமை யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. 1990ஆம் ஆண்டின் பின்னர் மின்சாரம் அற்று, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளான காலத்திலே, ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஏற்றிய சுடரிலே ஒரு தலைமுறை படித்து முன்னேறியது. 2022ஆம் ஆண்டிலே வெற்றுச் சிலிண்டர்களை வரிசையிலே வைத்துவிட்டு நாட்கணக்காகக் காத்திருந்தோம். அவ்வாறு காத்திருந்த நாட்களிலும் எரிபொருளாகத் தக்கது நம் வாயிலிலேயே பையிலே கட்டுண்டு கிடந்தது.

பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கலம் அமையட்டும். மதிய உணவிலே எஞ்சியதை மாணவர் நாள்தோறும் நிறுத்து எழுதட்டும். எழுந்த வாயுவை அளக்கட்டும். கரைசல் விட்ட பாத்தியையும் விடாத பாத்தியையும் ஒப்பிடட்டும். அருகிலுள்ள கிணற்று நீரைச் சோதிக்கட்டும். ஓராண்டு இவ்வாறு கணக்கெழுதிய மாணவன் தன் வீட்டிலே ஒரு கவளம் சோற்றையும் எண்ணாமல் எறியமாட்டான். மிகச் சிறந்த கலமும் அதற்கு அடுத்த படியே. முதற்படி, உண்ணக்கூடியதை வீணாக்காது உண்பதேயாம்.