கண்டிப் பிள்ளை ஊடகம் படிக்க எங்கே போவது?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் கண்டிப் பக்கத்துப் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "பிள்ளை ஊடகம் படிக்க ஆசைப்படுது, பேராதனையிலேயே படிக்கலாமா?"

பேராதனையில் தமிழ்த்துறை இருக்கிறது. ஆனால் ஊடகத்தையே முதன்மைப் பாடமாகப் படிக்க நினைக்கும் தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையோ, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தையோதான் நாடுகிறார்கள். நானும் வடக்கே போய்த்தான் படித்தேன். அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக்குக் கட்டணமில்லை. அறை வாடகையும் சாப்பாடும்தான் செலவு. மகாபொல கிடைத்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

அதற்காகப் பேராதனையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. க. கைலாசபதி அங்கே படித்தது தமிழ். 1957இல் பட்டம் பெற்றவர், 1959இல் தினகரன் ஆசிரியரானார். ஈழத்து எழுத்தாளர்களுக்கு அந்தப் பத்திரிகை களமானது அவர் காலத்தில்தான். 1982இல் பேராதனைக்கு வந்த தராகி சிவராம் பட்டத்தை முடிக்கவேயில்லை. 83 வன்முறை குறுக்கிட்டது. 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாக மீட்கப்பட்டார். பெற்றோரின் பயம் வெறும் பயமல்ல என்பதை நான் மறுக்கமாட்டேன்.

பட்டம் இல்லாமலும் பத்திரிகையாளராகலாம் என்றால், பல்கலைக்கழகம் எதற்கு? ஒரு செய்தியை எப்படிச் சரிபார்ப்பது, எந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பது என்று பழகுவதற்கு. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, அரசாங்கம் பேஸ்புக்கையே முடக்கும் அளவுக்கு வதந்தி பரவியிருந்தது. அந்த நேரத்தில் கேட்டதை அப்படியே எழுதாமல் நிறுத்திவைப்பது எல்லோருக்கும் வந்துவிடாது, பழக வேண்டும். சட்டமும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, படையினர் வசமுள்ள காணி பற்றி ஓர் அலுவலகத்திடம் தமிழிலேயே கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். காணி இழந்தவர் எவரும் இதைச் செய்யலாம். எந்தக் கேள்வியைக் கேட்டால் மழுப்ப முடியாது என்பதில்தான் படித்தவரின் உதவி தேவைப்படுகிறது.

கண்டிப் பிள்ளைக்கு ஒரு முதல் இருக்கிறது: தெருவிலேயே பழகிய சிங்களம். பொலிஸ் முறைப்பாடு முதல் அமைச்சின் சுற்றறிக்கை வரை மூலத்தில் வாசிக்கப் பழக அது உதவும். வடக்கே படிக்கப் போனாலும் அதை மறக்க விடாதீர்கள். என்னோடு படித்தவர்களில் பலர் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்த கடிதங்களை நான் பஸ்ஸில் வரும்போதே வாசித்து முடித்திருக்கிறேன்.