எதோடு ஒப்பிட்டால் 'மாற்றமில்லை'?

"இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். ஆறு மாதம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம்" என்று டாக்டர் சொல்லும் இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கேட்டதும் நிம்மதிதான். வீடு வந்து சேர்ந்த பிறகு ஆரம்பிக்கும்: அந்த ஆறு மாதமும் மூளைக்குள் அந்தக் கட்டி என்ன செய்துகொண்டிருக்கும்?

கனடாக்காரரான ஸ்டீவன் கீட்டிங், 2007-ல் மாணவராக இருந்தபோது ஓர் ஆராய்ச்சிக்குத் தன்னார்வலராகப் போய் ஸ்கேனுக்குப் படுத்தார். நோய் எதுவும் இல்லை. படத்தில், மூளையில் வாசனையை உணரும் பகுதிக்குப் பக்கத்தில் சிறியதாக ஏதோ தெரிந்தது. 2010-ல் மறுபடி எடுத்தார்கள்; வளர்ச்சி இல்லை. பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவரானார். 2014-ல் தினமும் அரை நிமிடம்போல வினிகர் வாசனை அடிக்க ஆரம்பித்தது. வேறொருவர் என்றால் சமையலறையில் தேடியிருப்பார். இவருக்குத் தன் தலையில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். ஸ்கேன் கேட்டார். டென்னிஸ் பந்து அளவுக்குக் கட்டி! பத்து மணி நேர அறுவை சிகிச்சை நடந்தது. ஸ்கேன் படங்கள், ஆபரேஷன் வீடியோ, மரபணு விவரம் என்று தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிகளிடம் விடாமல் கேட்டு வாங்கிச் சேர்த்தார். 2019-ல், 31 வயதில் காலமானார்.

அவருடைய பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. லோ கிரேடு க்ளையோமா என்ற, மெதுவாக வளரும் வகை மூளைக் கட்டியின் விட்டம் சராசரியாக வருடத்துக்கு 4 மில்லிமீட்டர் வளரும். ஆறு மாதத்துக்கு 2. ஸ்கேனோ மூளையைத் துண்டு துண்டாகக் காட்டுவது. ஒரு துண்டே 5 மில்லிமீட்டர் பருமன் இருக்கலாம். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும், அந்த 2 மில்லிமீட்டர் காணாமல் போய்விடும். போன ஸ்கேனோடு ஒப்பிட்டு 'மாற்றமில்லை' என்று ஆறு தடவை எழுதினால் ஆறும் நேர்மையான ரிப்போர்ட்தான். ஆனால் அந்த மூன்று வருடத்தில் கட்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கவும் கூடும்.

எனவே ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது, எந்தத் தேதிப் படத்தோடு ஒப்பிட்டார்கள் என்பது. முதல் ஸ்கேனின் சிடி பத்திரமாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அதைக் கொடுத்து, "இதோடயும் சேர்த்துப் பாருங்க" என்று சொல்லுங்கள். ஸ்கேன் சென்டர்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முடிந்தவரை ஒரே மெஷினில் எடுப்பது நல்லது.

ரிப்போர்ட் வருவதற்குள் ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடிக்காத வீடு உண்டா? பாருங்கள், தப்பில்லை. ஆனால் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்த படத்தில் ரத்தக் குழாய்களும் மூக்கின் உட்சவ்வும்கூட வெள்ளையாகப் பளிச்சிடும். அதைப் பார்த்து மாமாவும் சித்தப்பாவும் ராத்திரியெல்லாம் விழித்திருக்க வேண்டாம். லோ கிரேடு க்ளையோமா பெரும்பாலும் பளிச்சிடுவதே இல்லை.

காத்திருக்கும் காலத்துக்கென்றே இப்போது ஒரு மாத்திரையும் வந்திருக்கிறது: வோராசிடெனிப். ஐ.டி.எச். மரபணு மாற்றம் உள்ள இரண்டாம் கிரேடு கட்டிகளுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுக்க 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தது. 331 பேரிடம் நடந்த சோதனையில், கட்டி மறுபடி வளராமல் இருந்த காலம் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 11.1 மாதம்; இதைச் சாப்பிட்டவர்களுக்கு 27.7 மாதம். வளர்ந்ததா இல்லையா என்று அங்கேயும் தீர்ப்புச் சொன்னது ஸ்கேன்தான்.

கை கால் இழுக்காமலே வருகிற வலிப்பு பற்றி அடுத்த வாரம்.